அக்கோன்காகுவா ஏற கயிறு வேண்டாம், நாள் வேண்டும்

கேள்வி இது: "நானும் நண்பனும் நாற்பதை ஒட்டிய வயதுக்காரர்கள். இருவரும் மாரத்தான் ஓடுகிறோம். இமயமலையில் இரண்டு டிரெக் போயிருக்கிறோம், அதிகபட்சம் 5,000 மீட்டர். அர்ஜென்டினாவில் உள்ள அக்கோன்காகுவாவுக்குக் கயிறு வித்தை எதுவும் தெரிய வேண்டாம், அது டெக்னிக்கல் மலை இல்லை என்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல், போக வரச் சேர்த்து 16 நாள் லீவில் முடித்துவிடலாமா?"

வழிகாட்டி இல்லாமல் முடியும். 16 நாளில் முடியாது.

"டெக்னிக்கல் இல்லை" என்ற சொல்லை நம்பிப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களில் நானும் ஒருவன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றுதான்: வடமேற்குப் பக்கமாகப் போகும் வழக்கமான பாதையில் கயிறு கட்டி ஏற வேண்டிய பாறை இல்லை, வெடிப்பு விட்ட பனியாற்றைக் கடக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் சரளையும் புழுதியும்தான். ஆனால் மலையின் உயரம் 6,961 மீட்டர். ஆசியாவை விட்டால் உலகில் இதைவிட உயர்ந்த மலை கிடையாது. உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. அங்கே ஆளைச் சாய்ப்பது பாறையைவிடக் குளிரும் காற்றும், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும் உயர நோயும்தான். இவற்றுக்குக் கயிறு வித்தை எதுவும் உதவாது. உடம்பு பழக நாள் கொடுக்க வேண்டும், வானம் ஒத்துவரும்வரை காத்திருக்க நாள் வேண்டும்.

இந்த மலை உச்சியில் முதலில் கால் வைத்ததாகப் பதிவாகியிருப்பவர் மத்தியாஸ் சுர்பிரிக்கன் என்ற சுவிஸ் வழிகாட்டி, 1897 ஜனவரி 14 அன்று, தன்னந்தனியாக. அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, செலவெல்லாம் செய்து, ஏறும் குழுவைத் திரட்டியவர் எட்வர்ட் ஃபிட்ஜெரால்ட். அவர் திரும்பத் திரும்ப முயன்றார், ஒவ்வொரு முறையும் உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இறங்கினார், கடைசிவரை உச்சியைத் தொடவே இல்லை. பணமும் மனவுறுதியும் இருந்த மனிதர்தான். இது யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் இருந்துகொண்டு சொல்லவே முடியாது. மாரத்தான் நேரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் ஓட்டக்காரர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து உண்டு: மூச்சு இரைக்காததால் வேகமாக ஏறிவிடுவார்கள், தலைவலி ராத்திரிதான் வரும்.

முதல் முறை நான் போனபோது வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை 18 நாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. 5,550 மீட்டரில் உள்ள நிதோ தே கோந்தோரெஸ் முகாம்வரை ஏறி, இரண்டு ராத்திரி காற்றில் கூடாரக் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை இறங்கினேன். விமானத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் மென்டோசா ஊருக்கு வந்து சேர்ந்த அன்று மலை மேல் காற்று அடங்கி, வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்ததாகப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டாம் முறை 25 நாள் எடுத்துக்கொண்டு போனேன். அதே உடம்பு, அதே பூட்ஸ். உச்சி கிடைத்தது. இடையில் மாறியது நாள் கணக்கு மட்டும்தான்.

அந்த நாட்கள் எங்கே போகின்றன என்று பார்ப்போம். இந்தியாவிலிருந்து மென்டோசா போய்ச் சேரவே ஏறத்தாழ இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள். மென்டோசாவில் பெர்மிட், எரிபொருள், சாப்பாட்டுச் சாமான் என்று ஒன்றரை நாள் தின்னும். அங்கிருந்து 7-ஆம் எண் நெடுஞ்சாலையில் சிலி எல்லையை நோக்கி ஏறத்தாழ 180 கிலோமீட்டர் போனால் புவென்தே தெல் இன்கா, 2,700 மீட்டர். நம்முடைய தொட்டபெட்டா உச்சியைவிட உயரத்தில்தான் அங்கே பஸ்ஸே நிற்கிறது. அங்கேயோ அதற்குச் சற்று முன்னால் உள்ள பெனிதெந்தெஸ் ஊரிலோ ஒரு ராத்திரி தங்குவது நல்லது.

மறுநாள் மலைப் பூங்காவின் ஓர்கோனெஸ் வாசலில் பதிவு செய்துகொண்டு கொன்ஃப்ளுவென்சியா முகாமுக்கு நடை. 3,400 மீட்டர், மூன்று நான்கு மணி நேரம்தான். சுலபமாக இருப்பதால் பலர் அடுத்த நாளே மேலே கிளம்பிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நடுவில் ஒரு நாள் பிளாசா ஃபிரான்சியா பக்கம், 4,000 மீட்டரைத் தாண்டி நடந்துவிட்டு, திரும்பி வந்து கீழேயே தூங்குங்கள். அந்த நடையில் மலையின் தெற்குச் சுவர் முழுசாகத் தெரியும், ஏறத்தாழ 3,000 மீட்டர் செங்குத்து. நாம் ஏறப்போவது இதே மலையின் மறுபக்கம் என்பதை நம்பவே முடியாது.

அதற்கடுத்த நாள்தான் இந்தப் பயணத்திலேயே அலுப்பான நாள். கொன்ஃப்ளுவென்சியாவிலிருந்து அடிவார முகாமான பிளாசா தே முலாஸ்வரை, 4,300 மீட்டருக்கு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாத நடை. பாதி தூரம் பிளாயா ஆஞ்சா என்ற வறண்ட ஆற்றுப் படுகை. நிழல் என்று ஒரு குத்துச்செடிகூட இல்லை. எதிர்க்காற்றில் புழுதி. மூக்கையும் வாயையும் துணியால் மூடாமல் நடந்தால் அன்று பிடிக்கும் இருமல் உச்சிவரை கூடவே வரும், விலா எலும்பு நோகும். கடைசியில் குவெஸ்தா பிராவா என்ற செங்குத்து ஏற்றம் வேறு. அன்றைக்கு வந்து சேரும்போது எல்லோருக்கும் தலை வலிக்கும். மறுநாள் முழு ஓய்வு. அதற்கடுத்த நாள் எதிரே உள்ள செர்ரோ பொனேத்தே, 5,000 மீட்டர் சொச்சம், ஏறி இறங்கினால் உடம்பும் பழகும், தெம்பும் தெரிந்துவிடும்.

மேலே மூன்று முகாம். பிளாசா கனடா 5,050. நிதோ 5,550. கோலேரா ஏறத்தாழ 5,970. ஒரு நாள் சாமானைச் சுமந்து மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து தூங்குவது, அடுத்து ஒருநாள் மீதியோடு ஏறித் தங்குவது. இதுதான் முறை. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் விடுவது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கில் கூட்டிப்பாருங்கள்: வாசலில் நுழைந்ததில் இருந்து உச்சிக்குக் கிளம்பும் நாள்வரை பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். இறங்க இரண்டு மூன்று நாள். காற்றுக்கென்று குறைந்தது நான்கு உபரி நாள். விமானம், மென்டோசா எல்லாம் சேர்த்தால் 24, 25. ஏறும் பெர்மிட்டையே 20 நாளுக்குத்தான் கொடுக்கிறார்கள், அதிலிருந்தே தெரியவில்லையா? 16 நாள் லீவுதான் கிடைக்கும் என்றால் இந்த வருஷம் அக்கோன்காகுவாவை விட்டுவிட்டு, மென்டோசாவுக்குப் பக்கத்திலேயே உள்ள கோர்தோன் தெல் பிளாத்தா தொடருக்குப் போங்கள். அங்கே செர்ரோ பிளாத்தா ஏறத்தாழ 6,000 மீட்டர். கூட்டம் குறைவு, செலவும் மிகக் குறைவு.

போக ஏற்ற காலம் டிசம்பர் நடுவில் இருந்து பிப்ரவரி தொடக்கம்வரை, அங்கே அது கோடை. நெரிசலும் பெர்மிட் விலையும் அப்போதுதான் உச்சம். பெர்மிட் கொடுப்பது மென்டோசா மாகாண அரசு; விலை வருஷா வருஷம் மாறும் என்பதால் தொகை சொல்லவில்லை. ஆனால் ஒன்று: உள்ளூர் நிறுவனத்திடம் ஏதாவது ஒரு சேவை, கோவேறு கழுதையாவது, எடுத்தால் ஒரு விலை, எதுவுமே எடுக்காதவர்களுக்கு அதைவிடக் கூடுதல் விலை என்று வைத்திருக்கிறார்கள். எனவே "எல்லாம் நாமே" என்று வீறாப்பாகப் போனால் மிச்சம் ஆவதாக நினைக்கும் காசில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மீட்புச் செலவையும் 7,000 மீட்டர்வரையும் ஏற்கும் காப்பீடு இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பின்பக்கப் பொடி எழுத்தில் 4,000-க்கோ 5,000-க்கோ மேல் கிடையாது என்று போட்டிருப்பான், படித்துப் பாருங்கள்.

கோவேறு கழுதை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ஒரு கழுதை 60 கிலோ தூக்கும், இரண்டு பக்கமும் 30, 30 என்று சமமாகக் கட்ட வேண்டும். உங்கள் இருவருக்கும் ஒன்றே போதும். பிளாசா தே முலாஸ்வரை அது வரும், அதற்கு மேல் உங்கள் முதுகுதான், அல்லது காசு கொடுத்தால் சுமைக்காரர்கள். ஒரு எச்சரிக்கை: முதல் முறை என்னுடைய ஒரு மூட்டையைக் கழுதைக்காரர்கள் வேறொரு குழுவின் சாமானோடு கட்டிவிட்டார்கள், ஒன்றரை நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. ஸ்லீப்பிங் பேக் அதில் இருந்தது. அன்று ராத்திரி போட்டிருந்த எல்லாத் துணியோடும் ஒரு சாப்பாட்டுக் கூடாரத்து பெஞ்சில் சுருண்டு கிடந்தேன். அதிலிருந்து ஸ்லீப்பிங் பேக், குளிர் ஜாக்கெட், மருந்து மூன்றையும் என் முதுகை விட்டு இறக்குவதில்லை.

கொன்ஃப்ளுவென்சியாவிலும் பிளாசா தே முலாஸிலும் டாக்டர் சோதனை கட்டாயம். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து நுரையீரலைக் கேட்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மேலே போகலாம். வரிசையில் நிற்கும்போது ஆழமாக மூச்சிழுத்து ஆக்சிஜன் அளவை ஏற்றிக்காட்டப் பார்க்கும் ஆட்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். என் நண்பர் ஒருவருக்கு அங்கே 74 காட்டியது. டாக்டர் முகம் மாறாமல், "இரண்டு நாள் இங்கேயே தூங்கு, தண்ணீர் குடி, வியாழக்கிழமை வா" என்றார். வியாழக்கிழமை 83. உபரி நாள் இருந்ததால் அவரால் காத்திருக்க முடிந்தது, பிறகு மேலேயும் வந்தார். அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரை பழகுவதற்குக் கைகொடுக்கும். நடையில் தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, பேச்சில் குழறல் இவற்றில் எது வந்தாலும் மருந்து ஒரே மருந்துதான்: கீழே இறங்குவது. விடியும்வரை பார்க்கலாம் என்பது கிடையாது.

மேலே போனதும் வாழ்க்கை முழுக்கத் தண்ணீரைச் சுற்றித்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து லிட்டர் குடிக்க வேண்டும், நிதோவுக்கு மேல் பெரும்பாலும் பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பனித்திட்டுக்குப் போய், மேல் அழுக்கைச் சுரண்டிவிட்டுக் கட்டி கட்டியாகக் கோடாரியால் பெயர்ப்பேன். பாத்திரத்தில் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் விட்டுத்தான் பனியைப் போட வேண்டும், வெறும் பனியைப் போட்டால் அடிபிடித்த வாடை வரும், நம்பினால் நம்புங்கள். ஒரு பாத்திரம் நிறையப் பனி, உருகினால் அரை டம்ளர். மறுபடி போட வேண்டும், மறுபடி. அடியில் கருப்பு மணல் தங்கும், துணியில் வடிகட்ட வேண்டும். இரண்டு பேருக்கு ராத்திரிக்கும் மறுநாளைக்கும் தண்ணீர் சேர இரண்டரை, மூன்று மணி நேரம். குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் தலை சுற்றும். எரிபொருள் கணக்குப் போடும்போது சமையலுக்கு என்று போடாதீர்கள், தண்ணீருக்கு என்று போடுங்கள். கேஸ் சிலிண்டரையோ பெட்ரோலையோ விமானத்தில் கொண்டுபோக முடியாது. மென்டோசாவில் வெள்ளை பென்சினா என்ற அடுப்புப் பெட்ரோலும் கிடைக்கும், கேஸும் கிடைக்கும். உங்கள் அடுப்புக்குப் பொருந்துமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

சாப்பாட்டில் நம் ஆட்கள் செய்யும் தவறு, அரிசி. 6,000 மீட்டரில் தண்ணீர் 80 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசியும் பருப்பும் எவ்வளவு நேரம் வைத்தாலும் விதை விதையாக நிற்கும். வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடுகிற எதுவும் சரி: கூஸ்கூஸ் என்ற ரவை, உருளைக்கிழங்குப் பொடி, ஓட்ஸ். இவை மென்டோசா சூப்பர் மார்க்கெட்டிலேயே உண்டு. ஊரிலிருந்து நான் கொண்டுபோவது சீல் உடைக்காத ஊறுகாய்ப் பாக்கெட்டும் ரசப்பொடியும்தான். 5,500 மீட்டரில் எதைப் பார்த்தாலும் குமட்டும், அப்போது ஒரு டம்ளர் வெந்நீர் ரசம் மட்டும் உள்ளே போனது. தானியம், விதை, வீட்டில் செய்தது எல்லாம் மூட்டை கட்டாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

இனிக் காற்று. அங்கத்திய ஆட்கள் வியென்தோ பிளாங்கோ, வெள்ளைக் காற்று என்பார்கள். பசிபிக் பக்கமிருந்து வரும் மேற்குக் காற்று மலைமேல் மோதும்போது மணிக்கு 100 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும், பனியையும் வாரி அடிப்பதால் எதிரே நீட்டிய கை தெரியாது. உச்சிமேல் காளான் குடைபோல ஒரு மேகம் உட்கார்ந்தால் அது வருகிறது என்று அர்த்தம், அதற்கு அவர்கள் வைத்த பெயரே ஓங்கோ, காளான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆளுக்கு ஆள் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஓங்கோவைக் கண்டால் நகராதீர்கள். வானிலைக் கணிப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது மழையல்ல, 7,000 மீட்டர் உயரக் காற்றின் வேகம். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நான் கோலேராவை விட்டுக் கிளம்ப மாட்டேன். அதிகம் போனால் கோழை என்பார்கள், பரவாயில்லை, பத்து விரலும் குளிரில் போகாமல் இருக்கிறது.

உச்சி நாள். விடிகாலை நான்கு, ஐந்து மணிக்குக் கிளம்பினால் முதல் சில மணி நேரம் மலையின் நிழலிலேயே நடக்க வேண்டும். பாதை வடமேற்கில் இருப்பதால் வெயில் தாமதமாகத்தான் வரும், விரல்கள் போவது இந்த நேரத்தில்தான். 6,400 மீட்டர் வாக்கில் இந்தெபென்தென்சியா என்ற உடைந்த மரக்குடில், அதைத் தாண்டினால் காற்றுக் கணவாய் என்றே பெயர் வைத்த ஒரு திருப்பம், பிறகு நீளமான குறுக்குச் சரிவு. பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டமான கிராம்பான் தேவைப்பட்டால் பெரும்பாலும் இங்கேதான். ஒன்றும் கஷ்டமில்லாத சரிவு, ஆனால் கெட்டிப்பனியாக இருக்கும் வருஷத்தில் கால் தவறினால் கீழே நிறுத்த எதுவும் இல்லை. எனவே "டெக்னிக்கல் இல்லை" என்றாலும், கிராம்பான் போட்டு நடக்கவும் பனிக்கோடாரியால் விழுவதைத் தடுக்கவும் இமயமலையில் ஒரு வாரமாவது பழகிக்கொண்டு வாருங்கள்.

குறுக்குச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு பாறைக் குகை, லா குவேவா. அதற்கு மேல் கனலேத்தா. 300 மீட்டர் உயரம்கூட இல்லை, இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் தின்னும். சரளையில் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். நான் ஐந்து அடி, நின்று எட்டு மூச்சு, மறுபடி ஐந்து அடி என்று எண்ணிக்கொண்டே போனேன். இடையில் எண்ணிக்கை மறந்துபோய், ஏன் நிற்கிறேன் என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன். அங்கேதான் கடிகாரம் வேலை செய்ய வேண்டும், மூளை செய்யாது. பிற்பகல் 2 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று கீழே, தெளிவாக இருக்கும்போதே இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். உச்சியின் சிலுவை கண்ணுக்குத் தெரிந்தாலும் அதே 2 மணிதான்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக: இரட்டை அடுக்கு டபுள் பூட், மைனஸ் 25 தாங்கும் ஸ்லீப்பிங் பேக், இறகு அடைத்த பெரிய டவுன் ஜாக்கெட், விரல் பிரியாத கனமான கையுறை, காற்றுக்குத் தாங்கும் கூடாரம். மென்டோசாவில் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் மட்டும் சொந்தமாக இருந்து, ஊரிலேயே படியேறிப் பழகியதாக இருக்கட்டும். பயிற்சிக்கு மாரத்தான் ஓட்டத்தைக் குறைத்து, 18 கிலோ பையோடு மூன்று மணி நேரம் ஏறுவதை வாரம் இரண்டு முறை வையுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் போகலாம் என்றேன். பாதை தெளிவு, சீசனில் ஆள் நடமாட்டம் உண்டு, ரேஞ்சர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவரும் இறங்க வேண்டும் என்பதை விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பேசுங்கள். 2006-இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாளில் தொட்ட நெல்லூர்க்காரர் மல்லி மஸ்தான் பாபு, 2015-இல் இதே ஆண்டிஸில், இன்னும் வடக்கே த்ரெஸ் குருசெஸ் மலையில் தனியாகப் போனபோதுதான் இறந்தார். அவருக்குத் தெரியாத மலை வித்தையா? தனியாக மாட்டிக்கொண்டால் தகவல் சொல்ல ஆள் இல்லை. நீங்கள் பிரிய நேர்ந்தால் இருவரில் யாரிடம் செயற்கைக்கோள் தகவல் கருவி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், யோசித்துவிட்டுப் பிரியாமல் இருங்கள்.

இன்னொன்று. வாசலில் எண் போட்ட குப்பைப் பை கொடுப்பார்கள். வெளியே வரும்போது அதே பையைக் கேட்பார்கள், இல்லையென்றால் அபராதம். மேல் முகாம்களில் இருந்து மலத்தையும் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும், அதற்கென்று தனியாக நல்ல உறுதியான பைகள் வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் முறை வாங்கியது மெலிசான பை. அந்தக் கதையை இங்கே எழுத மாட்டேன்.